வைரஸ் ஸ்கேனுக்கு மணிக்கணக்கில் காசு கேட்கிறார்களா? லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்

9,500 ரூபா! வெறும் வைரஸ் ஸ்கேனுக்கு. ஹட்டன் பக்கம் கணினி திருத்தும் கடை ஒன்றில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், இன்னும் வயிறு எரிகிறது. 2024இல் வர்த்தமானியில் போட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால், அம்மா ஏழு நாள் கொழுந்து பறித்தாலும் இந்தக் காசு வராது.

திரை மூலையில் சூதாட்ட விளம்பரமாக வந்து விழுந்துகொண்டிருந்தது. கடைத் தம்பி பார்த்தான். "டீச்சர், ஃபுல் ஸ்கேன் போடணும். ஐந்நூறு ஜிபி டிஸ்க், பத்தொன்பது மணித்தியாலம் ஓடும். மணிக்கு 500." சந்தைக்குப் போய்விட்டு வரச் சொன்னான். வந்ததும் திரையை என் பக்கம் திருப்பினான். பச்சைக் கோடு 3 சதவீதத்தில் நின்றது. "பாருங்க, இவ்வளவுதான் நகர்ந்திருக்கு. ராவெல்லாம் முழிச்சிருக்கணும்." அம்மா எந்த டிவிஷன் என்றுகூட அக்கறையாக விசாரித்தான். தோட்டத்துப் பிள்ளை, நம்பாமல் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்தும் விளம்பரம் நிற்கவில்லை. அக்கா மகன் பார்த்தான். அது வைரஸே இல்லை, ஏதோ ஒரு தளத்துக்கு குரோமில் நோட்டிஃபிகேஷன் அனுமதி போயிருக்கிறது. நிறுத்தினான், நின்றது. அப்புறம் ஈவென்ட் வியூவரைத் திறந்தான். கணினி எப்போது அணைந்தது, எப்போது எழும்பியது என்று விண்டோஸ் தானாகவே குறித்து வைக்குமாம். கொடுத்த அன்று பின்னேரம் 5.40க்கு அணைந்த லெப்டொப், மறுநாள் காலை 10.15க்குத்தான் எழும்பியிருக்கிறது. ராவெல்லாம் முழித்திருந்தது யார்? கடைசி ஸ்கேன் என்று விண்டோஸ் செக்யூரிட்டியில் கிடந்ததும் ஏழு நிமிடக் குவிக் ஸ்கேன், மேலோட்டமாகப் பார்க்கிறது. அதே லெப்டொப்பில் வீட்டில் ஃபுல் ஸ்கேன் போட்டோம், இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது.

இத்தனை மணி ஓடும் என்று ஜிபியை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. எத்தனை ஃபைல், உள்ளே ஜிப் (பல ஃபைலைச் சுருக்கிக் கட்டிய பொதி) எவ்வளவு, டிஸ்க் சுற்றுகிற பழைய வகையா சுற்றாத எஸ்எஸ்டியா, இதையெல்லாம் பொறுத்தது. பெரிய ஜிப் வந்தால் அதைப் பிரித்துப் பார்க்கும்வரை சதவீதம் அசையாது, பிறகு ஒரேயடியாகத் தாவும். 3 சதவீதத்தில் நின்றதைக் காட்டி மணிக்கணக்கு எழுதுவது, மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கிலோ வெட்டுகிற அதே வேலை.

கடையில் கேட்டால், "பெரிய ஸ்கேனை வேற சொஃப்ட்வெயாரில் போட்டு அதை அழிச்சிட்டோம்." அணைந்திருந்ததே? "கரண்ட் போயிருக்கும் டீச்சர்." போன நேரத்துக்கும் சேர்த்தா 9,500? அதற்குப் பிறகு முதலாளி கொழும்பில், தம்பி சாப்பாட்டில். இப்போது வாட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் விழுகிறது.

எப்படித் தப்புவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. விண்டோஸ் 10, 11இல் வைரஸ் தேடுகிற டிஃபெண்டர் சும்மாவே இருக்கிறது, சார்ஜரைக் குத்திவிட்டு ராத்திரி ஓடவிடுங்கள். கடைக்குக் கொடுத்தால் மொத்தக் கூலியை முதலிலேயே பேசுங்கள். பில் வாங்காமல் காசை நீட்டாதீர்கள்.

காலையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977க்கு, எடுக்கப்போகிறேன். "ஸ்கேன் 19 மணி, 9,500" என்று பில்லில் அவன் கையாலேயே எழுதியிருக்கிறான்.