கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடி: இரண்டு சிறு பிள்ளைகளுடன் ஒரு பயணம்

பிரிட்டனில் பிறந்து வளரும் பிள்ளைகளைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்கு அழைத்துச் செல்வதா வேண்டாமா என்று தயங்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று, 2025 டிசம்பரில் தூத்துக்குடியில் எங்களுக்குக் கிடைத்த சேவைகளைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் மூத்த மகளுக்கு ஆறு வயது. முந்திரிப்பருப்பு அவளுக்கு ஒவ்வாது. இளையவனுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. என் கணவரும் நானும் தூத்துக்குடியில் வளர்ந்தவர்கள் என்றாலும், இப்போது எங்கள் கையில் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டையும்தான். முகம் பார்த்து மனிதர் செய்யும் சேவை எதிலும் எங்களுக்குக் குறை ஏற்படவில்லை. ஆதார் எண்ணையோ இந்தியக் கைப்பேசி எண்ணையோ கேட்கும் சேவை எதுவும் எளிதாக அமையவில்லை. எனவே இரண்டாம் வகையில் வருவனவற்றைப் புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள். மற்றவற்றை ஊரை நம்பி விட்டுவிடலாம்.

முன்பே முடிக்க வேண்டியவற்றில் முதன்மையானது ரயில் முன்பதிவு. சென்னை எழும்பூரில் இரவு ஏறிக் காலையில் தூத்துக்குடியில் இறக்கிவிடும் முத்துநகர் எக்ஸ்பிரஸ், பிள்ளைகள் உறங்கிக்கொண்டே வந்துவிடக்கூடிய வண்டி என்பதால் பண்டிகை நாட்களில் அதில் இடம் கிடைப்பது அரிது. 120 நாட்களுக்கு முன் பதிவு செய்யும் வசதி 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. டிசம்பர் 22ஆம் தேதிப் பயணத்துக்கு அக்டோபர் 23ஆம் தேதி காலை 8 மணிக்குப் பதிவு திறந்தது. அப்போது பிரிட்டனில் அதிகாலை 3.30. விழித்திருந்து எடுத்துவிடலாம் என்றால் அதிலும் ஒரு தடை உண்டு. 2025 அக்டோபர் முதல், பதிவு திறந்ததும் வரும் முதல் 15 நிமிடங்கள் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தன. ஆன்லைன் தத்கல் பதிவுக்கு அதே ஆண்டு ஜூலையிலிருந்தே ஆதார் கட்டாயம். ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள், முந்தைய 12 மாதங்களில் 182 நாட்கள் இந்தியாவில் தங்கியிருந்தால்தான் ஆதாருக்கு விண்ணப்பிக்க முடியும்; விடுமுறைக்கு வந்து போகிறவர்களுக்கு அது ஆகாத காரியம். ஊரில் இருக்கும் என் தம்பி தன் கணக்கிலிருந்து எங்களுக்குச் சீட்டு எடுத்துத் தந்தான். அப்படி உதவ ஆள் இல்லாதவர்கள், சென்னையிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கு விமானத்தில் வருவதே நல்லது. அங்கே 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டிருக்கிறது. திரும்பும்போது நாங்கள் அதன் வழியாகத்தான் வந்தோம்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ரயிலில் சீட்டு வேண்டியதில்லை, ஆனால் தனிப் படுக்கையும் கிடையாது. ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். இரவுப் பயணத்தில் அந்தப் பாதியை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். எங்களுக்கு ஒரே ஒரு கீழ்ப்படுக்கைதான் வந்திருந்தது. பயணச்சீட்டுப் பரிசோதகர் பிள்ளைகளைப் பார்த்ததும், நாங்கள் வாய் திறக்கும் முன்பே, எதிரில் இருந்த கல்லூரி மாணவரிடம் பேசி அவருடைய கீழ்ப்படுக்கையை மாற்றிக் கொடுத்தார். அந்த மாணவரும் முகம் சுளிக்காமல் மேலே ஏறிக்கொண்டார்.

டிசம்பரில் தென்மாவட்டங்களுக்கு வருகிறவர்கள் வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டதும் எங்கள் வீட்டில் இன்னும் பேசப்படுகிற செய்திகள். அதனால்தான் விமானம் சென்னையில் இறங்கிய அன்றே ரயிலேறாமல், இடையில் ஒரு நாள் விட்டிருந்தோம். இந்த முறை மழை தொந்தரவு செய்யவில்லை. ஆயினும் அந்த ஒரு நாள் பிள்ளைகளின் தூக்கம் சீராகவும் உதவியது.

குழந்தை இருக்கையைப் பிரிட்டனிலிருந்தே எடுத்துச் சென்றோம். வாடகைக் கார்களில் அது இருக்காது. இருக்கையைக் கொண்டுபோனால் மட்டும் போதாது. பெரும்பாலான கார்களில் பின்னிருக்கையின் மேல் உறை போட்டு இறுக்கி வைத்திருப்பதால், சீட் பெல்ட்டின் பூட்டு அதற்கு அடியில் மறைந்துகிடக்கும். முதல் நாள் எங்களுக்கு வந்த ஓட்டுநர் அண்ணன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, உறையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மடிப்புக்குள் கையை விட்டுத் தூசி படிந்த பூட்டை வெளியே இழுத்தார். மறுநாளிலிருந்து அவரே உறையை எடுத்துவிட்டு வண்டி கொண்டுவந்தார். காரைப் பதிவு செய்யும்போதே பின்னிருக்கை உறையைக் கழற்றிவிடச் சொல்லிவிட்டால், வெயிலில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

பணம் செலுத்துவதில் சிக்கல் இல்லை. வெளிநாட்டில் வாழ்வோர் இந்திய வங்கியில் வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்கு இருந்தால் பிரிட்டன் கைப்பேசி எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்தலாம். அதையும் இங்கிருந்தே இணைத்துச் சோதித்துவிட்டுப் புறப்படுங்கள். சிம் கார்டு வாங்கப் போன கடையில் ஆதார் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பண்டிகை நெருக்கத்தில் வேறு கடை தேடி அலையாமல் ரோமிங்கிலேயே சமாளித்தோம்.

பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்து தங்கியதாகச் சொல்லப்படும் மணப்பாடு கடற்கரைக் குகையையும், மணல்மேட்டின் மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் தாயாரின் ஆசை. போகும் வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் தாய்மார்கள் பாலூட்டும் அறையைத் தேடினேன். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015இல் தொடங்கப்பட்ட இந்த அறைகள், கைக்குழந்தையோடு பயணம் செய்யும் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அங்கே அறை இருந்தது, பெயர்ப்பலகையும் இருந்தது, கதவு மட்டும் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்த என்னை, பக்கத்துத் தேநீர்க் கடைக்கார அம்மா கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டில் உட்கார வைத்து விசிறியையும் போட்டுவிட்டார். அவருக்கு என் நன்றி என்றும் உண்டு. ஆனால் நல்ல எண்ணத்தோடு கட்டப்பட்ட ஓர் அறை, பகல் நேரத்தில் பூட்டிக் கிடப்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணைக் கதவில் எழுதி வைத்தாலே பாதிக் குறை தீரும்.

உணவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகுந்த அச்சம் இருந்தது அதில்தான். தூத்துக்குடி மக்ரூன் முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரிப்பருப்பும் சேர்த்துச் செய்வது. கிறிஸ்துமஸ் கேக்கிலும் பெரும்பாலும் முந்திரி இருக்கும். ஊரே இனிப்பைத் தட்டில் ஏந்தி வீடு வீடாகக் கொடுக்கிற நாட்களில், ஒரு சிறுமியிடம் எதையும் தொடாதே என்று சொல்வது எளிதன்று. ஒரு பேக்கரியில் சாதாரண வெண்ணெய் பிஸ்கட்டாவது வாங்கலாம் என்று விசாரித்தேன். கல்லாவில் இருந்த இளைஞர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “அக்கா, எல்லாம் ஒரே மேசையிலதான் செய்யிறோம், தட்டும் அதேதான். பாப்பாவுக்கு இங்க எதுவும் வாங்காதீங்க” என்று நேராகச் சொன்னார். கடையில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஒரு வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்புவோம் என்று தெரிந்தும் அவர் சொன்ன அந்த உண்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

உணவகங்களில் கேட்கும் விதம் முக்கியம். முந்திரி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டால், மேலே வறுத்துத் தூவியதைத்தான் கேட்கிறோம் என்று எண்ணி இல்லை என்று சொல்லிவிடுவார்கள். குருமாவிலும் கெட்டிக் குழம்பிலும் முந்திரி அரைத்து ஊற்றியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். பரிமாறுகிறவரிடம் கேட்டதோடு நிற்காமல், சமையல் மாஸ்டரிடம் கேட்டு வரும்படி வேண்டிக்கொள்ள வேண்டும். ஒருவர்கூட இதற்காக எங்களிடம் சலித்துக்கொள்ளவில்லை. ஒவ்வாமைக்கான ஊசியை இங்கிருந்தே மருத்துவர் கடிதத்தோடு எடுத்துச் சென்றிருந்தோம். அதைத் திறக்க வேண்டிய நிலை வரவில்லை. வீட்டில் என் தாயார் முந்திரியை அடுக்களைக்குள்ளேயே விடாமல் அச்சுமுறுக்கும் அதிரசமும், பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்து, பெயரில் மட்டுமே முந்திரி உள்ள முந்திரிக்கொத்தும் செய்து வைத்திருந்தார். மகளுக்கு அதுவே நிறைவான கிறிஸ்துமஸ் பலகாரம் ஆயிற்று.

இளையவனுக்கு 23ஆம் தேதி இரவு வயிற்றுப்போக்கு தொடங்கியது. எங்கள் பகுதிக் குழந்தை மருத்துவரிடம் காலையிலேயே தொலைபேசியில் டோக்கன் போட வேண்டும். 24ஆம் தேதி மதியத்தோடு மருத்துவமனையை மூடுவதாக இருந்தும், வரிசையில் காத்திருந்த கடைசிக் குழந்தை வரை அந்த அம்மையார் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். ஓஆர்எஸ் எனப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலும், 14 நாட்களுக்குத் துத்தநாக மருந்தும் எழுதிக் கொடுத்தார். பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது என்று இருமுறை சொன்னார். இங்கே ஒரு எச்சரிக்கை. இனிப்பான பழச்சாறு வகைப் பானங்களை ஓஆர்எஸ் என்ற பெயரில் விற்பதற்கு எதிராக ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் பிறகு, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அவ்வகைப் பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைத் தடை செய்தது. அப்படியிருந்தும் ஒரு மருந்துக் கடையில் எங்களிடம் அட்டைப் பெட்டியில் அடைத்த இனிப்புப் பானத்தையே முதலில் நீட்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவின்படி தயாரித்தது என்று அச்சிட்ட, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய 20.5 கிராம் பொட்டலத்தையே கேட்டு வாங்குங்கள். அளவுக்கு மீறிய சர்க்கரை வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். மருத்துவர்கள் விடுப்பில் போகும் பண்டிகை நாட்களில் நிலைமை மோசமானால், தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது. 108 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது.

தன் பள்ளித் தோழிகளையும் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தையும் விட்டு வந்த வருத்தம் மகளுக்கு இருந்தது. அதை மாற்றியது கிறிஸ்துமஸ் குடில். நாங்கள் வருவதற்கு முன்பே என் தாயார் தட்டுகளில் கேழ்வரகு விதைத்து, குடிலுக்கான புல்லை விரற்கடை உயரம் வளர்த்து வைத்திருந்தார். அதை மண்ணோடு பெயர்த்து ஆட்டுக்குட்டிகளுக்கு அடியில் பரப்புவது மகளின் பொறுப்பு. பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவான அன்பியத்திலிருந்து குடில்களைப் பார்த்து மதிப்பெண் போட வந்த இளைஞர்கள், பெரியவர்களிடம் கேட்காமல் அவளிடமே கேட்டு, அவள் திக்கித் திணறித் தமிழில் விளக்கி முடிக்கும் வரை தரையில் அமர்ந்து பொறுமையாகக் கேட்டார்கள். பிரிட்டனில் அவளுடைய தமிழ் வகுப்பில் ஓர் ஆண்டில் நடக்காதது அன்று நடந்தது.

நள்ளிரவுத் திருப்பலிக்கு எங்கள் பங்கு ஆலயத்துக்குப் போனோம். வாசலில் நின்று இடம் காட்டிய மரியாயின் சேனை என்னும் பக்திச் சபைப் பெண்கள், கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார்களை எல்லாம் பக்கவாசலை ஒட்டிய வரிசைகளில் அமர வைத்தார்கள். ‘உன்னதங்களிலே’ என்னும் திருப்பலிப் பாடல் தொடங்கும்போது திரை விலகும், ஆலய மணி முழங்கும், வெளியே வெடி போடுவார்கள். அதற்குச் சற்று முன்னர் அவர்களில் ஒருவர் வரிசை வரிசையாகக் குனிந்து, “இப்ப மணி அடிப்பாங்க, பிள்ளைக்குக் காதைப் பொத்திக்கோங்கம்மா” என்று சொல்லிக்கொண்டே போனார். எத்தனையோ குழந்தைகளின் அழுகையை அவருடைய அந்தச் சொல் தடுத்தது. ஆனால் திருப்பலி நடுவே பாலூட்டவோ உடை மாற்றவோ ஓர் இடம் இல்லை. கழிவறை ஆலயத்துக்குப் பின்னே, விளக்கில்லாத வழியில் இருந்தது. ஆலயத்தை ஒட்டியே பங்குப் பள்ளி இருக்கிறது. அன்றிரவு அதில் ஒரு வகுப்பறையைத் திறந்து, ஒரு விளக்கும் ஒலிபெருக்கியும் நான்கு நாற்காலிகளும் போட்டால், இளம் தாய்மார்கள் பாதியில் வீடு திரும்ப வேண்டியிருக்காது. புறப்படும் முன் இதைப் பங்குத்தந்தையிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, செலவே இல்லாத காரியம், பங்குப் பேரவையில் வைக்கிறேன் என்றார். அது நடக்கும் வரை, கைக்குழந்தையோடு வருகிறவர்கள் 25ஆம் தேதி காலைத் திருப்பலிக்குப் போகலாம். கூட்டம் குறைவு, வெடிச் சத்தமும் இராது.