பென்டிரைவோடு அலைய வேண்டாம்: பிஎஃப்சென்ஸின் நெட்வொர்க் பூட்டிங் பற்றி

கணினி லேப் நடத்துகிற பல இடங்களில் இன்னமும் ஒவ்வொரு மெஷினாகப் போய் பென்டிரைவ் செருகி, பூட் மெனுவுக்கு எந்தக் கீயை அழுத்த வேண்டும் என்று தேடி, ஓஎஸ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. அதே இடத்தில் ஒரு மூலையில் பிஎஃப்சென்ஸ் என்ற மென்பொருள் ஃபயர்வாலாக ஓடிக்கொண்டிருக்கும், இந்த வேலையில் பாதியை அதுவே செய்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதனால் அதன் டிஹெச்சிபி சர்வரில் (கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் பகுதி) உள்ள நெட்வொர்க் பூட்டிங் வசதியை, அதாவது பென்டிரைவ் இல்லாமல் நெட்வொர்க் வழியாகவே மெஷினைப் பூட் செய்வதை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. 2004-இல் மோனோவால் என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது பிஎஃப்சென்ஸ். அதன் கம்யூனிட்டி எடிஷன் இலவசம், இரண்டு லேன் கார்டு உள்ள பழைய பிசி ஒன்று போதும். சர்வீசஸ் மெனுவில் டிஹெச்சிபி சர்வர் பக்கத்துக்குப் போய், லேபுக்கான இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்துக் கீழே வந்தால் நெட்வொர்க் பூட்டிங் என்று ஒரு பகுதி இருக்கும். டிக் போட்டதும் நெக்ஸ்ட் சர்வருக்கு (பூட் கோப்பு இருக்கும் சர்வரின் முகவரி) ஒரு பெட்டி, பழைய பயாஸ் மெஷினுக்கான கோப்புப் பெயருக்கு ஒன்று, பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறையான யுஇஎஃப்ஐ 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று, ஆர்ம் மெஷினுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும்.

இப்படித் தனித்தனியாக இருப்பதுதான் இதன் பெரிய பலம். ஒரு கணினி நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆகும்போது (இந்த முறைக்குப் பிஎக்ஸ்இ என்று பெயர்), ஐபி கேட்டு அனுப்பும் செய்தியிலேயே 93-ஆம் ஆப்ஷன் என்ற பகுதியில் தான் எந்த வகை என்று ஓர் எண்ணைச் சொல்லிவிடும்: 0 என்றால் பழைய பயாஸ், 6 என்றால் 32 பிட் யுஇஎஃப்ஐ, 7 அல்லது 9 என்றால் 64 பிட், 11 என்றால் 64 பிட் ஆர்ம். பிஎஃப்சென்ஸ் அந்த எண்ணைப் பார்த்து அதற்குரிய கோப்பின் பெயரைத் திருப்பி அனுப்பும். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் இந்த வசதியே கிடையாது, இருந்தாலும் ஒரே ஒரு கோப்புப் பெயர்தான் கொடுக்க முடியும், ஆக லேபில் பாதி மெஷின் பழசு பாதி புதுசு என்றால் ஏதோ ஒரு பாதி நின்றுவிடும். நம் ஊர் லேப்களில் எல்லாம் ஒரே வயது மெஷினாக எங்கே இருக்கிறது? இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் தயங்காமல் இதைச் சிபாரிசு செய்வேன்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். அதே பக்கத்தில் டிஎஃப்டிபி (நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் எளிய முறை) சர்வர் என்று இன்னொரு பகுதியும் இருக்கிறது. பூட் கோப்பு டிஎஃப்டிபி வழியாகத்தானே வரப்போகிறது என்று புதிதாக வருகிறவர்கள் சர்வரின் ஐபியை அங்கே போட்டுவிட்டு, நெக்ஸ்ட் சர்வரைக் காலியாக விட்டுவிடுவார்கள். அந்தப் பெட்டி அனுப்புவது 66-ஆம் ஆப்ஷனை, அதைப் பெரும்பாலும் ஐபி போன்கள்தான் தேடும். கணினியின் லேன் கார்டுகளில் பல நெக்ஸ்ட் சர்வர் முகவரியை டிஹெச்சிபி செய்தியின் தலைப்பகுதியில்தான் எதிர்பார்க்கும், அது இல்லையென்றால் ஐபி வாங்கிய பிறகும் மேலே நகராது. இரண்டும் இரண்டு வேலை என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வைத்தால் எத்தனையோ பேருக்கு ஒரு நாள் மிச்சமாகும். கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் நிரப்பினால்தான் யுஇஎஃப்ஐ வேலை செய்யும் என்ற முக்கியமான குறிப்பும் பொடி எழுத்தில் கீழே கிடக்கிறது. உங்களிடம் 32 பிட் மெஷின் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டியில் ஏதாவது ஒரு பெயரைப் போட்டுவிடுங்கள்.

எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிக்க உதவும் கருவி இதற்குள்ளேயே இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். டயக்னாஸ்டிக்ஸ் மெனுவில், நெட்வொர்க்கில் போகிற செய்திகளைப் பிடித்துக் காட்டும் பாக்கெட் கேப்சரைத் திறந்து, டிஹெச்சிபிக்கான 67-ஆம் போர்ட்டைப் போட்டு, விவரத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு மெஷினை ஆன் செய்யுங்கள். மெஷின் கேட்கும் வரியில் "பிஎக்ஸ்இகிளையன்ட்:ஆர்ச்:00007" என்று வரும், அந்த 7-ஐப் பார்த்ததும் இது 64 பிட் யுஇஎஃப்ஐ என்று தெரிந்துவிடும். அடுத்து பிஎஃப்சென்ஸ் தரும் பதிலில் நெக்ஸ்ட் சர்வரும் கோப்புப் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் டிஹெச்சிபி மேல் தப்பில்லை, பிரச்சினை அதற்கு அப்புறம் எங்கோ இருக்கிறது. பயாஸ் மெஷினின் திரையில் வரும் எண்ணும் உதவும்: பிஎக்ஸ்இ-இ53 என்றால் கோப்புப் பெயர் வந்து சேரவில்லை, இ32 என்றால் பெயர் வந்துவிட்டது, டிஎஃப்டிபி சர்வர்தான் பதில் சொல்லவில்லை.

அந்த இ32 பெரும்பாலும் டிஎஃப்டிபி சர்வர் வேறு விலேனில் (நெட்வொர்க்கைப் பிரித்து வைத்த தனிப் பகுதி) இருக்கும்போது வரும். டிஎஃப்டிபிக்கான யுடிபி 69-ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்போம். ஆனால் டிஎஃப்டிபி சர்வர் கேள்வியை 69-இல் வாங்கிக்கொண்டு பதிலை வேறொரு புதிய போர்ட்டிலிருந்து அனுப்பும், நடுவில் நிற்கும் ஃபயர்வாலுக்கு அது யாரும் கேட்காமல் வந்த பாக்கெட்டாகத் தெரியும், தடுத்துவிடும். இதற்கென்றே சிஸ்டம் மெனுவின் அட்வான்ஸ்டு பகுதியில், ஃபயர்வால் அண்ட் நாட் பக்கத்தில், அந்தப் பதிலை உள்ளே விட உதவும் டிஎஃப்டிபி ப்ராக்ஸி வைத்திருக்கிறார்கள். லேப் இருக்கும் இன்டர்ஃபேஸை அதில் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. அப்படியும் ஐபியே வரவில்லையென்றால் ஸ்விட்சைப் பாருங்கள், அதிலுள்ள ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் வளையமாகாமல் காக்கும் வசதி) போர்ட்டைத் திறக்க 30 வினாடி எடுத்துக்கொள்ளும், அதற்குள் லேன் கார்டு கேட்டுக் களைத்துவிடும், அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் சரியாகும்.

டிஎஃப்டிபி வழக்கமாக 512 பைட்டாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை காத்திருக்கும் பழைய முறை. பெரிய ஓஎஸ் இமேஜை அதில் இழுத்தால் விடிந்துவிடும். அதனால் ஐபிஎக்ஸ்இ என்ற சிறிய பூட் நிரலின் கோப்பை மட்டும் டிஎஃப்டிபியில் கொடுத்து, மற்றதையெல்லாம் ஹெச்டிடிபியில் இழுப்பதுதான் நல்ல வழி. இங்கேதான் பிஎஃப்சென்ஸ் கொஞ்சம் கையைக் கட்டிப்போடுகிறது. ஐபிஎக்ஸ்இ மேலே வந்ததும் மறுபடி டிஹெச்சிபி கேட்கும், பிஎஃப்சென்ஸ் மறுபடி அதே ஐபிஎக்ஸ்இ கோப்பையே கொடுக்கும், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். "கேட்பது ஐபிஎக்ஸ்இ என்றால் வேறு கோப்பு கொடு" என்று அந்தப் பெட்டிகளுக்குள் நிபந்தனை எழுத வழியில்லை. தப்பிக்க, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற ஸ்கிரிப்டை உள்ளேயே வைத்துக் கட்டிய ஐபிஎக்ஸ்இ வேண்டும். நெட்பூட் எக்ஸ்ஒய்இசட் திட்டத்தின் கோப்புகள் அப்படித்தான் வருகின்றன, எடுத்து வைத்தால் நேராக மெனுவுக்கே போய்விடும். யுஇஎஃப்ஐ மெஷின் மட்டும்தான் என்றால் டிஎஃப்டிபி கோப்புறையில் ஐபிஎக்ஸ்இ கோப்புக்குப் பக்கத்திலேயே ஆட்டோஎக்ஸெக் டாட் ஐபிஎக்ஸ்இ என்ற பெயரில் ஸ்கிரிப்டை வைத்தாலும் புதிய பதிப்புகள் அதை எடுத்துக்கொள்ளும். நிபந்தனை எழுதியே ஆக வேண்டும் என்கிறவர்கள் இதே மாதிரி இன்னொரு ஃபயர்வாலான ஓபிஎன்சென்ஸைப் பாருங்கள், அதில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஹெச்சிபி மென்பொருள் வழியாக டேக் போட்டுப் பிரிக்கலாம்.

உள்ளே ஓடும் டிஹெச்சிபி மென்பொருளையும் கவனியுங்கள். பழைய ஐஎஸ்சி டிஹெச்சிபியின் பராமரிப்பை அதை உருவாக்கியவர்களே 2022-இல் முடித்துக்கொண்டார்கள், 2023-இல் வந்த பிஎஃப்சென்ஸ் 2.7.1 பதிப்பில் கேயா என்ற புதிய டிஹெச்சிபி மென்பொருள் சேர்ந்தது. அந்த ஆரம்பக் கேயாவில் கஸ்டம் ஆப்ஷன்கள் கிடையாது, அதனால் 2.7 வரிசையில் இருப்பவர்கள் ஐஎஸ்சியிலேயே இருங்கள், கேயாவுக்கு மாறுவதென்றால் 2.8-க்கு ஏறிய பிறகு மாறுங்கள்.

செக்யூர் பூட் போட்ட மெஷின் கையொப்பமில்லாத ஐபிஎக்ஸ்இ கோப்பை ஏற்காது. அதை அணைக்க மனமில்லை என்றால் உபுண்டு, டெபியன் தரும் கையொப்பமிட்ட ஷிம், க்ரப் என்ற பூட் கோப்புகளைப் பயன்படுத்துங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அசட்டையாக இருக்க வேண்டாம். பிஎக்ஸ்இ முறையில் யார் கோப்பைக் கொடுக்கிறார்கள் என்று கணினி சரிபார்ப்பதே இல்லை, முதலில் பதில் சொன்னவர் கொடுப்பதை ஓட்டிவிடும். அதனால் லேபுக்குத் தனி விலேன் போட்டு, அந்த இன்டர்ஃபேஸில் மட்டும் நெட்வொர்க் பூட்டிங்கை ஆன் செய்யுங்கள். ஆபீஸ் கணக்கு மெஷின்கள் இருக்கிற பக்கம் அந்த டிக்கே வேண்டாம், அந்த மெஷின்களின் பயாஸிலும் நெட்வொர்க் பூட்டை அணைத்து பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள்.