வடிகால் வாரும் கம்பி பக்கெட்: ஆகாயத்தாமரைக்குச் சரி, சேற்றுக்கு வேண்டாம்

காவிரி டெல்டாவில் ஜூன் 12 மேட்டூர் திறப்பைக் கணக்கு வைத்து வாய்க்கால் தூர்வாருவார்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் வடிகால். வாய்க்கால் அப்போது காய்ந்து கிடக்கும். வடிகாலில் தண்ணீர் நிற்கும். விரால், குரவை, ஆரல், மட்டி (நன்னீர்ச் சிப்பி), ஆமை எல்லாம் கோடையைத் தள்ளியது அங்கேதான். அதனால் பொக்லைனில் எந்த பக்கெட் மாட்டுகிறோம் என்பது முக்கியம்.

கம்பி பக்கெட்டில் அடித்தகடு கிடையாது, இரண்டு அங்குல இடைவெளியில் கம்பிகள்தான். ஆகாயத்தாமரையை அள்ளித் தண்ணீருக்கு மேலேயே அரை நிமிடம் பிடித்தால் தண்ணீரோடு குஞ்சு மீனும் அயிரையும் திரும்ப விழுந்துவிடும். சாதாரண பக்கெட்டில் அவை அத்தனையும் கரைக்குப் போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே கம்பி பக்கெட்டைக் கேட்டு வாங்கலாம்.

ஆனால் மட்டி இதில் தப்பாது. வளர்ந்த மட்டி இடைவெளியை விடப் பெரிது. பக்கெட் பல்லைத் தரையில் பதிக்காமல் அரை அடி மேலேயே ஓட்டச் சொல்லுங்கள். மிதக்கும் செடி வந்தால் போதும். ஆபரேட்டர் அவசரப்பட்டுத் தரையைச் சுரண்டினால் மட்டியும் வரும், கறுப்புச் சேறும் கலங்கும். கலங்கிய சேறு தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். கெண்டை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அறிகுறி, உடனே வேலையை நிறுத்த வேண்டும்.

வாரியதை நீர் விளிம்பிலிருந்து மூன்றடிக்குள், சரிவிலேயே போடுங்கள். ஆரலும் தவளையும் தாமாக ஊர்ந்து இறங்கும். அரை மணி நேரத்துக்குள் ஒருவர் குவியலைக் கிளறிப் பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் எதுவும் பிழைக்காது. ஆரலுக்கு முதுகில் முள், கெளுத்தி குத்தினால் கடுக்கும், ஆகவே வெறுங்கை வேண்டாம், கைவலை வையுங்கள். வாய் லேசாகத் திறந்து கிடக்கும் மட்டியைத் தொட்டுப் பாருங்கள். மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது. பொக்லைன் வாராத பகுதியில் வடிகாலின் அடித்தரையில் படுக்க வைத்தால் தானே காலை நீட்டிப் புதைந்துகொள்ளும். மட்டியின் குஞ்சுப்பருவம் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டித்தான் வளர்கிறது. மீன் போனால் மட்டியும் போய்விடும். மறுநாள் குவியலைக் கரைக்கு அப்பால் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகல் சாறு மழையோடு திரும்ப இறங்கும்.

ஒரே மூச்சில் முழு வடிகாலையும் வாராதீர்கள். நூறு மீட்டருக்கு இருபது மீட்டரைத் தொடாமல் விடுங்கள், ஒரு பக்கக் கரையோரச் செடியையும் விட்டுவிடுங்கள். கீழ்ப்பக்கம் மூங்கில் தடுப்புக் கட்டாவிட்டால் அறுந்த ஆகாயத்தாமரைத் துண்டு மிதந்து போய் அடுத்த ஊரில் முளைக்கும்.

சேறு வார இது உதவாது. கூழ்ச்சேறு கம்பி வழியே ஒழுகி வடிகால் முழுவதையும் கலக்கிவிடும். அதற்குச் சாதாரண பக்கெட்தான், அதுவும் தண்ணீர் வடிந்த பிறகு.

வாடகைக்கு எடுக்கும்போது கம்பி வளைந்திருக்கிறதா, பக்கெட்டை இணைக்கும் இரும்பு முளை (பின்) ஆடுகிறதா என்று பாருங்கள். வளைந்த கம்பிக்கு நடுவே ஆமை சிக்கும்.

மதிப்பெண்: ஆகாயத்தாமரைக்கு 5க்கு 4. சேற்றுக்கு 1.