1969 மசில் கார் மோதல்: ஜிடிஓ, ஷெவெல், ரோட் ரன்னர்

போண்டியாக் என்ற அமெரிக்கக் கார் கம்பெனியின் பெயரிலேயே போண்டி இருக்கிறது என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். கிண்டல் பலித்தும் விட்டது. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி நீதிமன்றப் படி ஏறியபோது முதலில் கழற்றி விட்ட பெயர்களில் போண்டியாக்கும் ஒன்று, 2010 அக்டோபரோடு டீலர் ஒப்பந்தங்களும் முடிந்து கதை தீர்ந்தது. அப்படியிருக்க, ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழசான ஒரு போண்டியாக் ஜிடிஓவை, செய்த கம்பெனியே இல்லாதபோது, நம்பி வாங்கலாமா? அதே காசுக்கு இன்னும் உயிரோடு இருக்கும் செவர்லேயின் ஷெவெல் எஸ்எஸ் (ஷெவெலின் வேகமான 'சூப்பர் ஸ்போர்ட்' வகை) கிடைக்குமே? இல்லை, இன்னொரு செத்த கம்பெனியான பிளிமத்தின் ரோட் ரன்னர் பக்கம் போகலாமா? மூன்றும் மசில் கார்கள், அதாவது நடுத்தர அளவு வண்டியில் பெரிய என்ஜின் போட்டவை; 1969 மாடலிலேயே வைத்துப் பார்க்கிறேன். மஸ்டாங்கும் கமாரோவும் இதில் இல்லை. அவை உருவத்தில் சின்ன கார்கள், அது வேறு சண்டை.

பரம்பரைப் பெருமை என்று பேசினால் ஜிடிஓவுக்குத்தான் முதல் நாற்காலி. 1963-ல் ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் பந்தயமே கூடாது என்று சொல்லிவிட்டது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. போண்டியாக்கில் அப்போது தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன். அவரோடு பில் காலின்ஸ், ரஸ் கீ என்று இரண்டு பேர். பெரிய காருக்கான 389 என்ஜின் சின்ன டெம்பெஸ்டுக்குள்ளும் அப்படியே உட்காரும் என்று இவர்கள் கண்டுகொண்டார்கள். விதியை எப்படித் தாண்டுவது? புது மாடல் என்று சொன்னால்தானே மேலிடத்து அனுமதி வேண்டும், இதை 1964 லெமான்ஸுக்கு (டெம்பெஸ்டின் சொகுசு வகை) ஒரு கூடுதல் ஆப்ஷன் என்று போட்டுவிட்டால்? போட்டார்கள், 300 டாலருக்குக் கொஞ்சம் குறைவான விலையில். 5,000 விற்றால் பெரிது என்று கணக்குப் போட்டது முதல் வருடமே 32,450 போனது, 1966-ல் 96,946. அதன் பிறகு மேலிடம் வாயைத் திறக்குமா என்ன. ஜிடிஓ என்ற பெயர்கூட ஃபெராரியிடமிருந்து கூசாமல் எடுத்துக்கொண்டதுதான்.

டெட்ராய்டிலிருந்து போண்டியாக் நகரம் வரை போகும் உட்வார்டு அவென்யூவில் ராத்திரியில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் நடந்த காலம் அது. வழியில் ராயல் ஓக்கில் இருந்த ராயல் போண்டியாக் என்ற டீலர் ஜிடிஓக்களைத் தனியாக முறுக்கேற்றி 'பாப்கேட்' என்று விற்றார். விளம்பரக்காரர் ஜிம் வேங்கர்ஸ் அதன் பின்னால் இருந்தார். தொழிற்சாலை, டீலர், பந்தயத் தெரு மூன்றும் அக்கம்பக்கத்தில்! இந்தக் கொடுப்பினை மற்ற இரண்டுக்கும் கிடையாது.

ஷெவெல் அதே வீட்டுப் பங்காளி, செவர்லேயும் ஜெனரல் மோட்டார்ஸ் பிரிவுதான். 1968-லிருந்து இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான், இரண்டு கதவு வண்டிகளுக்கு 112 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்), தனி சேசிஸ் மேல் உட்கார்ந்த பாடி, பின்னால் காயில் ஸ்பிரிங். ஆனால் என்ஜின் வேறு. அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் ஒவ்வொரு பிரிவும் தன் வி8-ஐ (எட்டு சிலிண்டர் என்ஜினை) தானே செய்தது, போண்டியாக்கின் 400-க்கும் செவர்லேயின் 396-க்கும் ஒரு கேஸ்கெட்கூடப் பொருந்தாது. நடைமுறையில் ஷெவெல் ஜெயிப்பது இங்கேதான். செவர்லே என்ஜினுக்கு அமெரிக்காவில் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் சாமான் கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் மெக்கானிக்கும் கிடைப்பார். போண்டியாக் என்ஜினுக்குச் சாமான் இல்லாமல் இல்லை, விலை கூட, அதைத் தெரிந்த கை வேண்டும்.

ரோட் ரன்னர் இந்த இரண்டையும் பார்த்துச் சிரித்த வண்டி. ஜிடிஓ வருடா வருடம் சொகுசு ஏற்றி விலை கூடிக்கொண்டே போனதும், 1968-ல் பிளிமத் ஒரு டாக்சி போல வெறுமையான காரில் 383 என்ஜினைப் போட்டு 2,896 டாலருக்குக் கொண்டுவந்தது. தரைக்குக் கம்பளம்கூடக் கிடையாது, ரப்பர் பாய்தான். மிச்சம் பிடித்த காசில் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்துக் கார்ட்டூன் பறவையின் பெயரையும் படத்தையும் வாங்கினார்கள், ஹாரனும் அந்தப் பறவை மாதிரியே 'பீப் பீப்' என்று கத்தும். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் இளவட்டங்களின் பையில் என்ன இருக்கிறது என்று சரியாகக் கணித்தது இந்த ஒரு கம்பெனிதான். இதில் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். அடியில் துரு ஏறிவிட்டால் டிங்கரிங்கோடு போகாது.

சரி, குதிரைத்திறன். சாதாரண ஜிடிஓ 350, ஷெவெல் எஸ்எஸ் 396-ல் 325-லிருந்து 375 வரை, ரோட் ரன்னரின் 383-க்கு 335, ஹெமி என்ற பெரிய என்ஜின் போட்டால் 425. இந்த எண்களை வைத்துச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அன்று என்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, வண்டியில் இருக்கும் சைலன்சர் முதலிய சுமைகள் எதுவும் இல்லாமல் அளந்தார்கள். 1972-லிருந்துதான் எல்லாம் மாட்டி அளக்கும் கணக்கு வந்தது. போதாததற்கு எண்ணையே விளம்பரத்துக்குத் தக்கபடி எழுதினார்கள். ஜிடிஓவுக்கு ஆப்ஷனாகக் கிடைத்த முறுக்கேறிய என்ஜினான ராம் ஏர் 3-க்கு 366, அதைவிட எவ்வளவோ முரட்டு என்ஜினான ராம் ஏர் 4-க்கு 370. நாலே நாலு குதிரையாம்! யாரிடம் காது குத்துகிறார்கள்?

என்னைக் கேட்டால் முடிவு பண்ண வேண்டியது காகிதத்தில்தான். நன்றாகப் பராமரித்த வண்டி என்று விற்பவர் சொல்வதில் பாதி பெயின்ட். மீதிப் பாதி, இது பிறந்தபோதே இந்த வண்டிதானா என்ற கேள்வி. இங்கே உயிரோடு இருக்கும் செவர்லேதான் கடைசி. 1969-ல் எஸ்எஸ் என்பது வெறும் ஆப்ஷன், சேசிஸ் நம்பரில் அதற்கு அடையாளமே இல்லை, ஷெவெலின் சாதாரண வகையான வி8 மாலிபுவுக்கும் அதே 13637 தான் தொடக்கம். அதனால் மாலிபுவை வாங்கி, பேட்ஜ் ஒட்டி, பெரிய என்ஜினை இறக்கி எஸ்எஸ் ஆக்கியவை ஏராளம். முதல் ஓனரின் காகிதங்கள் இருந்தால் தப்பித்தீர்கள். இல்லாவிட்டால் சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டேங்க் மேலேயோ வண்டியில் என்னென்ன மாட்டினார்கள் என்று எழுதிய தொழிற்சாலைத் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவ வேண்டியதுதான்.

ரோட் ரன்னர் நம்பரே பேசும். ஆர்எம் என்று தொடங்கினால் ரோட் ரன்னர், ஐந்தாவது எழுத்து எச் என்றால் 383, ஜே என்றால் ஹெமி. ஜிடிஓவும் 1966-லிருந்து தனி மாடல் ஆகிவிட்டதால் நம்பர் 242 என்று தொடங்க வேண்டும், 237 என்று இருந்தால் அது வேஷம் போட்ட லெமான்ஸ். (1965 வண்டிகளில் 237 தான் சரி. அங்கே குழம்பிவிட வேண்டாம்.) அதற்கும் மேலே ஒரு வசதி உண்டு. 1961-லிருந்து விற்ற போண்டியாக்குகளின் தொழிற்சாலை பில்கள் பத்திரமாக இருக்கின்றன, போண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற இடத்தில் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் அந்த வண்டி எந்த நிறத்தில், எந்த என்ஜினோடு, எந்த டீலருக்குப் போனது என்று நகல் வந்துவிடும். செத்த வீட்டில் பத்திரங்கள் பத்திரமாக இருக்கின்றன, வாழும் வீட்டில் அலமாரி காலி.

காகிதம் சரியாக இருந்தாலும் ஜிடிஓவில் ஒரு வம்பு உண்டு. போண்டியாக்கின் 326-லிருந்து 455 வரை எல்லா வி8-உம் வெளியே ஒரே அளவு. மூடியைத் திறந்து பார்த்தால் 400 எது, 350 எது என்று தெரியவே தெரியாது. பிளாக்கின் முன்பக்கம் இருக்கும் இரண்டெழுத்துக் குறியைப் படியுங்கள். 1968-லிருந்து வண்டி நம்பரின் ஒரு பகுதியும் பிளாக்கில் குத்தியிருக்கும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் துரு. வினைல் கூரை இருந்தால் அதன் அடியில், பின் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், டிக்கித் தரையில், பின் ஆக்சிலுக்கு மேலே வளையும் சேசிஸில். ஒரு காந்தத்தை எடுத்துப் போய் ஓட்டிப் பாருங்கள், ஒட்டாத இடமெல்லாம் பட்டி. முன் பம்பரில் மட்டும் காந்தம் ஒட்டாது, பயப்பட வேண்டாம், அது எண்டுரா என்ற ரப்பர் மாதிரிப் பொருள், இரும்புக் கம்பியால் அடித்துக் காட்டி விளம்பரம் செய்தார்கள். வயதானால் வெடிப்பு விடும், பெயின்டின் சாயலும் பானெட்டோடு ஒத்துப்போகாமல் தனியாகத் தெரியும்.

தினமும் எடுத்து ஓட்ட வேண்டும், ரிப்பேர் தலைவலி கூடாது என்றால் ஷெவெல், அதையும் ஒரிஜினல் எஸ்எஸ் என்று விலை கொடுக்காமல், மாலிபு என்றே நினைத்து விலை பேசி வாங்குங்கள். ஹெமி ரோட் ரன்னருக்கு நம் பையில் காசு இல்லை, 383 தான் முடியும், அடிப்பாகம் சுத்தமாக இருந்தால் அதுவும் நல்ல வண்டிதான். நான் ஜிடிஓ பக்கம். அதிலும் 'ஜட்ஜ்' என்ற ஆரஞ்சு நிற ஸ்பெஷல் ஜிடிஓ வேண்டாம், ஸ்டிக்கருக்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள், சாதாரண 400 போதும். மறையும் ஹெட்லைட் வைத்த வண்டியாக இருந்தால் பார்க்கப் போகும்போது விளக்கைப் போடச் சொல்லுங்கள். அது வேக்வமில் (என்ஜின் காற்றை உறிஞ்சும் விசையில்) திறப்பது, குழாயில் கசிவு இருந்தால் ஒரு கண் மட்டும் திறந்து உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கும். அதை வைத்து விலையைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் அந்த பில் நகல் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதீர்கள்.