ஜூலிப்: சொந்த சர்வரில் அலுவலக உரையாடல்

அலுவலகக் குழு உரையாடலைத் தம் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ள விரும்பும் நிறுவனங்களுக்கு, இன்று கிடைக்கும் திறந்தமூல மென்பொருள்களில் ஜூலிப்பையே முதலில் பரிந்துரைப்பேன். 2014-இல் டிராப்பாக்ஸ் நிறுவனம் வாங்கி, 2015-இல் அப்பாச்சி என்ற திறந்தமூல உரிமத்தின் கீழ் மூலநிரலோடு வெளியான இந்த மென்பொருளின் தனிச்சிறப்பு, சேனலுக்குள் நடக்கும் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தலைப்பு இருப்பதுதான். கணக்குப் பிரிவின் சேனலில் ‘மார்ச் ஊதியப் பட்டியல்’, ‘ஜிஎஸ்டி தாக்கல்’ என இரண்டு தலைப்புகள் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஒன்றின் பேச்சு மற்றொன்றில் கலப்பதில்லை. விடுப்பு முடிந்து வந்தவர் தமக்கு வேண்டிய தலைப்பை மட்டும் படித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

நிறுவுவது எளிது. உபுண்டு அல்லது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் மட்டும் ஏற்றப்பட்ட புதிய சர்வரில் ஒரே ஒரு நிறுவல் கட்டளையைக் கொடுத்தால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ரேபிட்எம்கியூ, ரெடிஸ், மெம்கேச்டு, எஞ்சின்எக்ஸ் என ஜூலிப்புக்குத் தேவையான துணை மென்பொருள்கள் அனைத்தையும் அதுவே அமைத்து, இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழையும் வாங்கிக்கொள்கிறது. 2 ஜிபி ரேமும் 10 ஜிபி வட்டு இடமும் குறைந்தபட்சத் தேவை. நூறு பேருக்கு மேல் எதிர்பார்த்தால் 4 ஜிபி ரேமும் இரண்டு சிபியுவும் வேண்டும். கோப்புகளை அதே சர்வரில் சேமிப்பதானால் வட்டு இடத்தைத் தாராளமாகவே ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே இணையதளம் ஓடும் சர்வரில் இதையும் ஏற்றிச் சிக்கனம் பார்ப்பது வேண்டாம். தனி சர்வரை மனத்தில் வைத்தே நிறுவல் நிரலை எழுதியிருக்கிறார்கள்.

திட்டமிடலில் உண்மையான உழைப்பு இதற்கு வெளியேதான் இருக்கிறது. கணக்கை உறுதிசெய்யவும் கடவுச்சொல்லை மீட்கவும் மின்னஞ்சல் தேவை என்பதால், மின்னஞ்சலை அனுப்பித் தரும் நம்பகமான எஸ்எம்டிபி சேவை ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, ஜூலிப்பிலேயே உள்ள சோதனை மின்னஞ்சல் கட்டளையால் அதைச் சரிபார்த்த பிறகே ஊழியர்களை அழைக்க வேண்டும். தமிழில் எழுதிக்கொள்ளும் அலுவலகங்கள் பிஜிகுரூங்கா என்ற கூடுதல் தேடல் வசதியையும் இயக்கிவிடுவது நல்லது. இயல்பான தேடல் ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது.

பலரும் கவனிக்கத் தவறுவது கைப்பேசி அறிவிப்பு. செயலியை வெளியிட்டவரின் சாவியைக் கொண்டு மட்டுமே அறிவிப்பு அனுப்ப ஆப்பிளும் கூகுளும் அனுமதிப்பதால், நம் சர்வர் ஜூலிப் நிறுவனத்தின் இடைநிலைச் சேவை வழியாகவே கைப்பேசியை எட்ட முடியும். வணிக நிறுவனங்களுக்கு இது பத்துப் பேர் வரைதான் இலவசம். அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என மாதக் கட்டணம் உண்டு. மென்பொருள் இலவசம் என்று சொல்லி நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்குபவர்கள் இந்தத் தொகையையும் மதிப்பீட்டில் சேர்த்துக் காட்ட வேண்டும். அறிவிப்பில் செய்தியின் உள்ளடக்கத்தை மறைக்க அமைப்பு உண்டு. ரகசியம் முக்கியமான இடங்களில் அதை முதல் நாளே இயக்கிவிடலாம். செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை என்பதால், தரவுத்தளத்தை அணுகக்கூடியவர் அவற்றைப் படிக்க முடியும் என்பதையும் ஊழியர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

காப்புநகல் எடுக்கும் கட்டளை தரவுத்தளம், அமைப்புகள், ரகசியச் சாவிகள், சர்வரில் உள்ள கோப்புகள் ஆகியவற்றை ஒரே தொகுப்பாகத் தருகிறது. கோப்புகளை அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் வைத்திருந்தால் அவை அதில் சேரா. மீட்கும்போது அதே ஜூலிப் பதிப்பும் அதே போஸ்ட்கிரெஸ் பதிப்பும் வேண்டும் என்பதால், பதிப்பு எண்களைக் காப்புநகலோடு எழுதி வைத்து, வேறொரு சர்வரில் ஒருமுறை மீட்டுப் பார்த்த பிறகே பழைய உரையாடல் சேவையின் சந்தாவை நிறுத்துங்கள்.