லினக்ஸில் கேம்: விண்டோஸை அழித்துவிடலாமா?

இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தனியாக ஆடுபவரா, ஆன்லைனில் ஆள் சேர்த்து ஆடுபவரா? பதில் அதைப் பொறுத்தது.

2013-இல் லினக்ஸுக்கு ஸ்டீம் (கேம் வாங்கி, இறக்கி ஆடும் ஆன்லைன் கடை) வந்தபோது, இனி கம்பெனிகள் வரிசைகட்டி லினக்ஸ் பதிப்பு வெளியிடும் என்று நம்பினோம். எங்கே! 2015-இல் லினக்ஸோடு வந்த கேம் கணினிகளான ஸ்டீம் மெஷின்களும் விலைபோகவில்லை. வெளிவந்த லினக்ஸ் பதிப்புகளில் பல சவலைப் பிள்ளைகள். விண்டோஸ் பதிப்புக்கு அப்டேட் வந்துகொண்டே இருக்கும், இதை யாரும் சீண்டமாட்டார்கள்.

நிலைமை மாறியது 2018 ஆகஸ்டில், ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் என்ற மென்பொருளை ஸ்டீமுக்குள்ளேயே வைத்த பிறகுதான். படம் வரைய விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வழியாகக் கேம் கேட்பதை, அதிலுள்ள டிஎக்ஸ்விகே போன்ற பகுதிகள் லினக்ஸிலும் இயங்கும் வல்கனுக்கு மாற்றிக் கொடுத்துவிடும். லினக்ஸ் பதிப்பு இருக்கும் சில பழைய கேம்களைக்கூட நான் இப்போது புரோட்டானில்தான் ஆடுகிறேன். அதுதான் ஒழுங்காக ஓடுகிறது. 2022-இல் லினக்ஸில் ஓடும் வால்வின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக் வந்தபின் வேகம் இன்னும் கூடியது. அப்படியும் ஸ்டீம் தன் பயனர்களிடம் எடுக்கும் சர்வேயில் லினக்ஸ்காரர்கள் 3 சதவீதத்தைத் தாண்ட 2025 அக்டோபர் ஆகிவிட்டது.

புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸில் ஏற்கெனவே இறக்கி வைத்த கேம்தானே என்று அந்த என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) டிரைவை அப்படியே லினக்ஸ் ஸ்டீமில் சேர்ப்பார்கள். கேம் பட்டியலில் வரும். பிளே அழுத்தினால் ஏதோ தொடங்குவதுபோல் காட்டிவிட்டு, சத்தமில்லாமல் பழையபடி பச்சைப் பொத்தானுக்கே திரும்பிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 உள்ள பார்ட்டிஷனுக்குக் கேமை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், கேம் தொடங்கும் முன் ஷேடர் (படத்தின் ஒளி, நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்கள்) தயாராகும்போது பொறுமையில்லாமல் ஸ்கிப் அழுத்தாதீர்கள்; கேமுக்குள் போனதும் திக்கித் திக்கி ஓடும்.

ஆன்லைன் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் இன்னும் நல்ல செய்தி இல்லை. வேலரண்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் ஓடாது. காரணம் வேகமல்ல, ஆன்டி-சீட், அதாவது ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள். அவற்றில் பல கேம்கள் பயன்படுத்தும் ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021-லேயே புரோட்டானுக்கு வழிவிட்டன; ஆனால் அனுமதிக்க வேண்டியது கேம் தயாரிப்பாளர். கொடுத்த அனுமதியைப் பறிக்கவும் செய்யலாம். ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2024-இல் லினக்ஸ்காரர்களை அப்படித்தான் வெளியே தள்ளியது.

அதனால் பணம் கட்டும் முன் எந்தக் கேம் புரோட்டானில் எப்படி ஓடுகிறது என்று ஆடியவர்களே எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் ஒருமுறை பாருங்கள். பிளாட்டினம், கோல்டு என்ற பட்டத்தை மட்டும் நம்பாமல், கடைசி ஒரு மாதத்தில் ஆடியவர்கள் எழுதியதைப் படியுங்கள்.