உயிருள்ள செல்லுக்கு எந்தத் தகடு: கால்சியம் புளோரைடா, பேரியம் புளோரைடா?

தருமபுரியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஈஸ்ட் செல்களை உயிரோடு அகச்சிவப்பு நுண்ணோக்கியில் பார்க்க முற்பட்டபோது, செல்களை நடுவே வைத்து மூடும் இரு தகடுகளை எந்தப் பொருளில் வாங்குவது என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. சாதாரணக் கண்ணாடி அகச்சிவப்பை விழுங்கிவிடும். பொட்டாசியம் புரோமைடு நீர் பட்டதும் கரையும். ஜிங்க் செலினைடு கரையாது. ஆனால் ஒளிவிலகல் எண் 2.4 என்பதால் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 17 விழுக்காடு ஒளி எதிரொளித்து வீணாகிறது. அதை நான் ஒருமுறைதான் கையாண்டிருக்கிறேன்.

பேரியம் புளோரைடு, அலையெண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 800-க்கு இறங்கும் வரை ஒளியை விடும். கால்சியம் புளோரைடு 1000-ஐ நெருங்கும்போதே மங்குவதால், ஈஸ்டின் செல்சுவர்ச் சர்க்கரைகள் பதிவாகும் பகுதியின் கீழ்முனை இரைச்சலில் மறைகிறது. இந்த இழப்பைத் தெரிந்தேதான் கால்சியத்தைத் தேர்ந்தேன்.

காரணம் கரைதிறன். பேரியம் புளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிராம் கரையும். கால்சியம் புளோரைடு 16 மில்லிகிராம்தான். புரதம் ஒளியை உறிஞ்சும் 1650 பட்டையை நீர் உறிஞ்சும் 1640 பட்டை மூடிவிடுவதால் தகடுகளின் இடைவெளியை 10 மைக்ரானுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது; அந்த மெல்லிய நீர்ப்படலம் கரைந்த உப்பால் விரைவில் நிறைந்துவிடும். பேரியம் அயனி, செல்லுக்குள் பொட்டாசியம் போய்வரும் வழிகளை அடைக்கும். வளர்ப்புத் திரவத்திலுள்ள சல்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகவும் படியும். இரவல் வாங்கிய பேரியம் தகட்டை மூன்றாம் நாள் கழுவி டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தேன். திரவம் நின்ற வட்டம் மட்டும் பால் காய்ந்த கறைபோல் வெளுத்திருந்தது. ஒரே செல்லை மணிக்கணக்கில் தொடர்ந்து பதிவுசெய்யும் வேலையில் தகடும் மாறிக்கொண்டிருந்தால், நிறமாலையில் தெரியும் மாற்றம் செல்லினுடையதா, தகட்டினுடையதா என்று பிரித்தறிய வழியில்லை.

நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த மாவட்டம் இது. ஆகவே கால்சியம் தகட்டிலிருந்து கசியும் புளோரைடு செல்லைப் பாதிக்காதா என்று மாணவர்கள் கேட்டது நியாயமே. உள்ளே நுழையும் புளோரைடை வெளியேற்றும் புரதம் ஈஸ்டுக்கு உண்டு. விலங்குச் செல்களில் நான் சோதித்ததில்லை. அவற்றுக்கு இதே தைரியத்தில் பரிந்துரைக்க மாட்டேன்.

கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. போர் தண்ணீர் பட்டால் உப்புக்கறை நிற்கும். சர்க்கரைப் பட்டைகள் முழுமையாக வேண்டிய நாளில் ஈஸ்டை உலர்த்தி, அதற்கு மட்டும் பேரியம் தகட்டை எடுக்கிறோம்.